கஸ்தூரிக்குத் தூரம் இல்லை

அடி அண்ணாமலை
9-9-85

அன்புத் தங்கை கஸ்தூரிக்கு அக்கா ஆதிலட்சுமி எழுதுவது.

எல்லாரும் சுகமாக இருக்கிறோம் என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டுமாம். ஆரம்பித்துவிட்டேன். நீ சுகமாக இருக்கிறாயா, குளிர் ஒத்துக்கொள்கிறதா?

நீ ஏரோப்ளேன் ஏறின பிறகு இங்கே நடந்த கூத்தைக் கேள். ரைஸ்மில் கண்ணாயிரம் சுவருக்குச் சுவர் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறான். அவன் மூஞ்சி தாம்பாளம் அளவு, உன் மூஞ்சி தபால் தலை அளவு. ‘ஓட்டக்காரி கஸ்தூரியை ஜெர்மனிக்கு அனுப்பிய வள்ளல்’ என்று கீழே எழுத்து. நீ அரை டிராயர் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு மலையைச் சுற்றி ஓடினபோது, "பொட்டச்சிக்குத் தொடை தெரிய ஓட்டம் இன்னா கேடு"னு மில் வாசலில் நின்று காறித் துப்பினவன் இவன்தான். இப்போது அம்மாவுக்கு மாலை போட்டான். அம்மாவும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

அம்மாவின் பெருமைக்கு அளவே இல்லை. உன் கடிதம் வந்தால் தன் கற்பூரக் கடை வாசலில் கூட்டம் சேர்த்துவிடுகிறாள். பக்கத்து சைக்கிள் கடையிலிருந்து அவள் தம்பி முருகையன் மாமா வந்து சத்தமாகப் படிக்கிறார். நீ அவருக்கு முறைப்பெண் என்கிற நினைப்பில் குரல் வேறு தழுதழுக்கிறது. நான் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அண்டாவைக் கவிழ்த்துவிட்டு வருவதற்குள் ஊரே கேட்டு முடித்துவிடுகிறது. அதனால் பார்த்து எழுது.

இரண்டு வருஷம் ஓடு, கோச் வேலை கற்றுக்கொள், சான்றிதழோடு வா. விளையாட்டு விடுதியில் கோச் வேலை உனக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். இந்தக் கண்ணாயிரத்தின் முன்னால் நீ விசிலை ஊதிக்கொண்டு நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லும் அக்கா.


விடுதி
3-10-85

அன்புள்ள அக்காவுக்கு,

கஸ்தூரி வணக்கம். அம்மாவுக்கும் மாமாவுக்கும் சொல். உன் வீட்டுக்காரரையும் கேட்டதாகச் சொல். இந்த ஊர்ப் பெயரை எழுதினால் மாமாவுக்கு வாய் சுளுக்கிக்கொள்ளும், அதனால் விடுதி என்று மட்டும் போட்டிருக்கிறேன்.

சுகமா என்று கேட்டிருந்தாய். வயிற்றைத்தான் கேட்க வேண்டும். முதல் நாள் ரொட்டிமேல் சிவப்பாக எதையோ தடவி வைத்தார்கள். தக்காளித் தொக்கு என்று நினைத்து வாயில் போட்டேன். பச்சைப் பன்றிக்கறி அக்கா. அரைத்து, வேகவைக்காமல் அப்படியே. கோச் எதிரில் உட்கார்ந்திருந்தார், துப்ப முடியவில்லை. விழுங்கிவிட்டு வெளியே ஓடினேன்.

குளிக்கும் இடத்தில் கதவு கிடையாது. எல்லாரும் ஒன்றாக, துணி இல்லாமல். நான் பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு நின்றால் சிரிக்கிறார்கள். கோச் ஐம்பது வயசு ஆள். வந்த அன்றே என் தொடையையும் கெண்டைக்காலையும் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். தீபத் திருவிழா மாட்டுச் சந்தையில் தரகன் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவதற்கு முன்னால் மாட்டைப் பிடித்துப் பார்ப்பானே, அப்படி. பல்லைத்தான் பார்க்கவில்லை.

ஆனால் ஓடுகிற தரை இருக்கிறதே, அது பஞ்சு. பெரிய சந்தோஷம் அதுதான். பிறகு சத்து மாத்திரை கொடுக்கிறார்கள், நீல நிறம். தினமும் காலையில் கோச் எதிரில் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும். சின்னப் பிள்ளையா நான்?

பதில் போடு. உன் கையெழுத்தைப் பார்த்தால் நம் வீட்டு வாசனை வருகிறது.

கஸ்தூரி


அடி அண்ணாமலை
30-10-85

அடி கஸ்தூரி,

நாங்கள் நலமாகத்தான் இருந்தோம், உன் கடிதம் வரும்வரை. பன்றிக்கறி இடத்தை மாமா சத்தமாகப் படித்துவிட்டார். அம்மா அன்றைக்குச் சோறு தொடவில்லை. பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள், "தீட்டுப்பட்ட வாயி, வந்ததும் நாக்குல சூடம் ஏத்தணும்"னு வைத்தியம் சொன்னாள். அவள் மகன் சாராயக் கடையில் எதைத் தொட்டுக்கொள்கிறான் என்று அவளுக்குத் தெரியாதா?

குளிக்கிற இடம் வந்ததும் மாமா மென்று விழுங்கினார். "இங்க எழுத்து சரியா தெர்ல"னு தாண்டிவிட்டார். காது மட்டும் சிவந்துபோனதாம். பிறகு கடிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்த் தனியாக ஒருமுறை படித்திருக்கிறார். ஆண்பிள்ளை புத்தி எங்கே போகும்!

கோச் கிழவனிடம் ஜாக்கிரதையாக இரு. சத்து மாத்திரையை மட்டும் ஒழுங்காக விழுங்கு. ‘சின்னப் பிள்ளையா’ என்று வீம்பு பண்ணாதே. இங்கே சத்துணவில் பருப்பு கம்மி, புழு ஜாஸ்தி. உனக்கு அரசாங்கமே சத்தைக் கையில் கொடுக்கிறது, கசக்கிறதா?

என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மாமியார் புதுசாக ஒரு சாமியாரிடம் வேர் வாங்கிக் கொடுத்தாள். பெருச்சாளி நாற்றம். எட்டு வருஷமாக என்னென்னவோ குடித்தாயிற்று, இதையும் குடித்தேன்.

தீபத்தன்று உன் பேருக்கும் நெய் ஊற்றுகிறேன். குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்.

அக்கா


விடுதி
19-12-85

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நல்லபடி இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே பனி கொட்டுகிறது. தொண்டை கட்டியபடியே இருக்கிறது. குரல் மாமா குரல் மாதிரி ஆகிவிட்டது, நீ கேட்டால் பயந்துபோவாய்.

ஒரு விஷயம். எனக்கு இரண்டு மாதமாகத் தூரம் இல்லை. நிறுத்தியது கோச்தான். முதலில் அழுதேன், இப்போது பழகிவிட்டது. எல்லாம் உன் நன்மைக்குத்தான் என்கிறார். உடம்பும் பெருத்துக்கொண்டு வருகிறது, பழைய ரவிக்கை எதுவும் ஏறவில்லை. அம்மாவிடம் பக்குவமாகச் சொல். தூரம் தூரம் என்றுதானே இத்தனை வருஷம் அவளும் எனக்காகக் காத்துக் கிடந்தாள்.

இங்கே எதிலும் உப்பில்லை, உறைப்பில்லை. வாய்க்குப் புளிப்பாக ஏதாவது கேட்கிறது. நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்ப முடியுமா?

கஸ்தூரி


அடி அண்ணாமலை
16-1-86

கஸ்தூரிக்கு,

இங்கே யாரும் நலமில்லை. உன் நலத்தையும் நான் கேட்கப்போவதில்லை. அதுதான் ஊருக்கே தெரிந்துவிட்டதே.

போகி அன்று வந்தது உன் கடிதம். கடை வாசலில் பச்சையம்மாளோடு இன்னும் நாலு பொம்பளைகள். மாமா தூரம் என்ற இடத்தைப் படித்தார். நின்றார். மறுபடி படித்தார். நிறுத்தியது கோச் என்று படித்தார். வாயை மூடிக்கொண்டு நிறுத்தியிருக்கலாம், அந்த மட மனுஷர் ஊறுகாய்வரை படித்து முடித்தார். பிறகு கடிதத்தைக் கீழே போட்டுவிட்டு சோப்பு வாங்கிக் கையைக் கழுவினார். அம்மா கடையிலேயே வாங்கி, அம்மா எதிரிலேயே கழுவினார்.

சீ! எழுதவே கூசுகிறது. அந்தக் கிழவனா? உன் கால் சதையைப் பிடித்துப் பார்த்தவனா? அம்மாவிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டுமாம்! அவள் பொங்கல் வைக்கவில்லை. மாட்டுக்குக்கூட வைக்கவில்லை. கண்ணாயிரம் ஆள் விட்டு நோட்டீஸைக் கிழிக்கச் சொல்லிவிட்டான். அந்த நாய் கிழிப்பது பற்றி எனக்குக் கவலை இல்லை.

நான் ஒன்று சொல்கிறேன். எட்டு வருஷமாக மாசா மாசம் தூரத் தீட்டு என்று புறக்கடைச் சாய்ப்பில் தனித்தட்டோடு உட்காருகிறேன். தூரம் நின்றுவிடாதா என்று இந்த மலையை எத்தனை முறை சுற்றியிருப்பேன்! எனக்கு நிற்காதது உனக்கு நின்றிருக்கிறது. அண்ணாமலையானுக்குக் கண் இருக்கிறதா?

என்ன செய்வதாக உத்தேசம்? எழுது. பள்ளிக்கூடத்து முகவரிக்கு எழுது. கடைக்கு எழுதித் தொலைத்தது போதும்.

ஆதிலட்சுமி


விடுதி
8-2-86

அக்காவுக்கும், அம்மாவுக்கும், கையைக் கழுவிய மாமாவுக்கும், வாயைக் கழுவாத பச்சையம்மாளுக்கும் கஸ்தூரி எழுதுவது. வேண்டுமென்றே கடை முகவரிக்குத்தான் எழுதுகிறேன். சத்தமாகப் படிக்கவும்.

தூரம் என்றால் மூவாயிரம் மீட்டர்! தொலைதூர ஓட்டம்! அதைத்தான் கோச் நிறுத்தினார். உனக்கு நீண்ட ஓட்டம் வேண்டாம், எண்ணூறு மீட்டர் ஓடு, அதற்குச் சதை வேண்டும் என்று இரும்பு தூக்கவைத்தார். அதனால் தோள் பெருத்தது. அதனால் ரவிக்கை ஏறவில்லை. உப்பில்லாத உருளைக்கிழங்கைத் தின்று தின்று நாக்கு செத்ததால் ஊறுகாய் கேட்டேன். இதற்கு ஒரு பொங்கலை நிறுத்திவிட்டீர்கள்!

ஆறு வருஷம் நான் ஓடுவதைப் பார்த்த ஊர் அது. தூரம் என்றதும் ஒருவருக்காவது ஓட்டம் ஞாபகம் வந்ததா? என் காலைப் பார்த்தவர்கள் யாருமில்லை போலிருக்கிறது. பன்றிக்கறியை விழுங்கினபோதுகூட எனக்கு இவ்வளவு அருவருப்பு வரவில்லை.

மாமா இன்னொரு சோப்பு வாங்கி வைத்துக்கொள்ளட்டும். என்னைக் கட்டிக்கொள்ளும் எண்ணத்தையும் அதோடு கழுவிவிடட்டும்.

கஸ்தூரி


அடி அண்ணாமலை
3-3-86

அன்புக் கஸ்தூரி,

எல்லாரும் மறுபடி நலமாகிவிட்டோம், வெட்கம் கெட்டவர்கள் சீக்கிரம் தேறிவிடுவார்கள்.

உன் கடிதத்தை மாமா ஒரு எழுத்து விடாமல் படித்தார், சோப்பு உட்பட. படித்துவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும் அக்கா, ஓட்டத்தைத்தான் எழுதியிருக்கானு. நீங்கதான் தப்பா எடுத்துக்கினீங்க"ன்னார். எனக்கு அண்டா கரண்டியை எடுத்து நாலு போடலாம் என்று இருந்தது. அம்மா உண்ணாமுலை அம்மனுக்குப் புடவை சாத்தினாள். நோட்டீஸ் மறுபடி ஒட்டியாகிவிட்டது, இம்முறை உன் மூஞ்சி இன்னும் சின்னது. பச்சையம்மாள் மட்டும் விரல் விட்டு மாசத்தை எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஆவணி வரைக்கும் எண்ணிப் பார்க்கட்டும், விரல் நோகும்.

நான் எழுதியதற்கு உன் காலில் விழ வேண்டும். விழுந்ததாக வைத்துக்கொள்.

ஆனால் கஸ்தூரி, நான் சத்துணவுக் கூடத்தில் உட்கார்ந்து உன் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். ஓட்டத்தைப் பற்றிப் பத்து வரி திட்டியிருக்கிறாய். மற்ற தூரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. ‘அது ஒழுங்காக வருகிறது, போய் வேலையைப் பார்’ என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் இதைக் கேட்க மாட்டேன். குரல் ஏன் இன்னும் கட்டியிருக்கிறது? பனிக்காலம் முடிந்திருக்குமே.

பள்ளிக்கூடத்து முகவரிக்கு எழுது. இங்கே அரிசி மூட்டைதான் எட்டிப் பார்க்கும்.

அக்கா


அடி அண்ணாமலை
2-4-86

கஸ்தூரிக்கு,

நலமா? ஒரு மாசமாகத் தபால்காரர் சுப்பனைப் பார்த்தால் எழுந்து நிற்கிறேன். "இன்னிக்கு உன்க்கு ஒண்ணும் இல்லம்மா"னு சொல்லிவிட்டுப் போகிறார். திட்டியாவது எழுது.

அக்கா


விடுதி
14-4-86

அக்கா,

நலம் என்று எழுதப் பேனா வரவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

அதுவும் நின்றுவிட்டது. ஐப்பசியிலிருந்து இல்லை. யாரும் என்னைத் தொடவில்லை, தீபத்தின் மேல் சத்தியம். அந்த நீல மாத்திரைதான். நீங்கள் தப்பாகப் படித்தபோது அவ்வளவு கோபம் வந்ததற்கும் அதுதான் காரணம். தப்பாகப் படித்தும் சரியாகச் சொல்லிவிட்டீர்களே!

மேல் உதட்டில் முடி வருகிறது. தாடையிலும். கதவைச் சாத்திக்கொண்டு பிடுங்குகிறேன். குரல் தேறாது என்று கூட ஓடுகிற பெண் சொன்னாள். அவளுக்கும் அப்படித்தான். கண்ணாடியில் யாரோ நம் அப்பா ஜாடையில் நிற்கிறார்கள். என் உடம்பை நானே தொட அருவருப்பாக இருக்கிறது. கோச்சிடம் மாதவிலக்கு இல்லை என்று சொன்னேன். "நல்லது, பயிற்சிக்குத் தொந்தரவு இல்லை" என்றார். எழுதியும் வைத்துக்கொண்டார். கால் மட்டும் காற்றாகப் பறக்கிறது. என் வாழ்க்கையில் இப்படி ஓடியதில்லை. அதுவும் குமட்டுகிறது, ஏனென்றால் ஓடுவது நான் இல்லை.

இதுவரை பொறுத்துக்கொண்டேன். இப்போது கோச் படிப்பின் செய்முறை ஆரம்பித்திருக்கிறது. சின்னப் பெண்கள் பத்துப் பேரை என்னிடம் விட்டிருக்கிறார்கள், எல்லாம் பன்னிரண்டு பதின்மூன்று வயசு. ஓடக் கற்றுக்கொடுப்பது என் வேலை. காலையில் அவர்களுக்கு நீல மாத்திரை கொடுத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதும் என் வேலையாம். சத்து மாத்திரை என்று சொல்ல வேண்டும். நேற்று கோச் கொடுத்துக் காட்டினார். வரிசையில் முதல் பெண், கோரைப்பல் இன்னும் முழுசாக முளைக்காதவள், நம் கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல் உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள்.

வருகிற திங்கட்கிழமையிலிருந்து நான் கொடுக்க வேண்டும். மாட்டேன் என்றால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் விளையாட்டு விடுதி வேலை இல்லை. கண்ணாயிரம் மில் வாசலில் மறுபடி துப்புவான். உன் கடிதம் வருவதற்குள் திங்கட்கிழமை தாண்டிவிடும். காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளப் பார்க்கிறேன். சீக்கிரம் எழுது.

கஸ்தூரி


திருவண்ணாமலை, பெரிய தபாலாபீஸ்
28-4-86

கஸ்தூரி,

கொடுக்காதே. நீயும் தின்னாதே. இன்றைக்கே துப்பு.

நம் ஊரில் ஒன்று வயசுக்கு வந்தால் ஒலிபெருக்கி கட்டி ஊரைக் கூட்டுவார்கள், வந்த பிறகு மாசா மாசம் நாயைப்போல் வெளியே உட்காரவைப்பார்கள். அந்த அசிங்கம் ஒரு தினுசு. அங்கே அது வராமலே அடித்து, வாயையும் திறந்து காட்டச் சொல்கிறார்களா? இவர்களுக்கெல்லாம் பெண்பிள்ளை உடம்பில் என்னதான் வேலை?

போன வருஷம் புழுத்த பருப்பை மூட்டையாக இறக்கினார்கள். "வெந்தா ஒண்ணும் தெரியாது, போடு"ன்னார் ஆபீசர். எனக்கு வாந்தி வந்தது. நான் வாந்தி எடுப்பதைப் பிள்ளைகளுக்குப் போட மாட்டேன் என்று எருக்குழியில் கொட்டினேன். வேலை போகும் என்றார்கள். போகவில்லை. போயிருந்தாலும் கொட்டியிருப்பேன். குமட்டுவதை விழுங்கச் சொல்லிக்கொடுப்பதற்குப் பெயர் கோச் வேலை என்றால் அந்தச் சான்றிதழ் நமக்கு வேண்டாம். கண்ணாயிரம் துப்பட்டும். அவன் எச்சில் அவன் மில் வாசலில்தானே விழும்.

மாத்திரையை ஒழுங்காக விழுங்கு என்று எழுதினது நான். இந்தக் கையால் எழுதினேன்.

பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வந்து இங்கேயே நின்றுகொண்டு எழுதுகிறேன். ஒட்டினதும் பெட்டியில் போடுவேன்.

அக்கா


(அம்மாவின் கடை முகவரிக்கு வந்த படம் போட்ட தபால் அட்டை)

20-8-86

அன்புள்ள அம்மா, மாமா, அக்கா அனைவருக்கும் வணக்கம். நான் நலம், இம்முறை நிஜமாகவே. அந்தத் திங்கட்கிழமையே மாட்டேன் என்றுவிட்டேன். கோச் என்னைத் தன் அணியிலிருந்து நீக்கி நாலு மாதம் ஆகிறது. வகுப்பில் மட்டும் உட்கார விட்டார்கள், சான்றிதழ் கிடையாது. தைக்குள் ஊர் வந்துவிடுவேன். காலையில் ஏரிக்கரையில் நானாக ஓடுகிறேன், வெறுங்காலோடு. கால் பழையபடி கனமாகிவிட்டது. ஆனால் என் தூரம் திரும்பி வந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை வந்தது. ரொம்ப நேரம் அழுதேன். அக்காவிடம் இதை மறக்காமல் படித்துக் காட்டவும். கஸ்தூரி.


அடி அண்ணாமலை
10-9-86

என் அன்புக் கஸ்தூரிக்கு,

இங்கே எல்லாரும் நலம். இதை நானும் நிஜமாகத்தான் எழுதுகிறேன்.

உன் அட்டை வந்தபோது நான் கடையில் இருந்தேன், வெள்ளிக்கிழமைக் கூட்டம். முருகையன் மாமா சோடாப் பெட்டிமேல் ஏறி நின்று படித்தார். சான்றிதழ் இல்லை என்றதும் கூட்டம் உச்சுக்கொட்டியது. தூரம் திரும்பி வந்துவிட்டது என்றதும் குரலை உயர்த்தி, "பாத்தீங்களா! மூவாயிரம் மீட்டர்! மறுபடி குடுத்துட்டானுங்க!"ன்னார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். பச்சையம்மாளும் தட்டினாள். எண்ணி ஏமாந்த விரல்தானே. அம்மா வந்தவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தாள். "இன்னொரு தபா படிங்க மாமா"ன்னேன். படித்தார். ஒரு பெண்ணுக்குத் தூரம் வந்ததற்கு அடி அண்ணாமலையே கை தட்டியது இதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பு வந்து, அழுகையாகி, பின்னால் போய்க் கற்பூரப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

கண்ணாயிரம் நோட்டீஸைக் கிழித்துவிட்டான். சுவர் சுத்தமாக இருக்கிறது.

நார்த்தங்காய் ஊறுகாய் பார்சலில் வருகிறது. மாமாவை விட்டுத்தான் கட்டவைத்தேன். கட்டி முடித்ததும் கை கழுவ எழுந்தார். நான் பார்த்த பார்வையில், "எண்ணெ ஒட்டிக்கிச்சு ஆதிலட்சுமி, வேற ஒண்ணும் இல்ல"ன்னார். கழுவட்டும் என்று விட்டுவிட்டேன்.

குரல் தேறாவிட்டால் போகிறது. விசில் ஊதக் குரல் எதற்கு? என் பள்ளிக்கூடத்தில் ஓடத் தெரியாத பெண்கள் நூறு பேர் இருக்கிறார்கள், சான்றிதழ் கேட்க மாட்டார்கள். வா.

என்னைக் கேட்டால் வழக்கம்போலத்தான். எனக்கும் நேற்று தூரம். மாமியார் வேர் சாமியாரைத் திட்டித் தீர்த்தாள். நான் சாய்ப்பில் தனித்தட்டோடு உட்கார்ந்து உன் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமானதிலிருந்து இந்த ஒரு மாசம்தான் அதை நான் திட்டவில்லை.

உன் அக்கா,
ஆதிலட்சுமி